மெருகு ஏறுகிறதா? மேனி தேய்கிறதா?

கல்யாணம் வந்தால் காருக்குப் பாலிஷ். பண்டிகை வந்தால் பாலிஷ். காரை விற்கப் போகிறோம் என்றால் கட்டாயம் பாலிஷ்!

காலையில் காரைப் பட்டறையில் விடுகிறார்கள். மாலையில் அது கண்ணாடி போல மின்னுகிறது. "பணம் கொடுத்தோம், பளபளப்பு வாங்கினோம்" என்று மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்கள்.

பணம் மட்டும்தானா கொடுத்தார்கள்? இல்லை. காரின் மேல்தோலில் ஒரு பங்கையும் கொடுத்துவிட்டு வருகிறார்கள்!

பாலிஷ் என்றால் காரின்மீது எதையோ பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். பூசுவது அல்ல; தேய்த்து எடுப்பதுதான் பாலிஷ். நகைக்கு மெருகு போட்டால் பொன் சிறிது தேயும். இது நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நகையை அடிக்கடி மெருகுக்குக் கொடுக்க மாட்டார்கள். கார் விஷயத்தில் மட்டும் அந்த எச்சரிக்கை நம்மிடம் இல்லை.

முடியைவிட மெல்லியது

காரின் தகட்டின்மீது பல பூச்சுகள் உண்டு. துருப்பிடிக்காமல் காக்க ஒரு பூச்சு. அதன்மேல் பிரைமர். அதன்மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத ஒரு தெளிவான பூச்சு. இதுதான் "கிளியர் கோட்".

வெயிலின் கடுமையை முதலில் தாங்குவது இதுதான். மழை, பறவை எச்சம், புழுதி எல்லாம் விழுவதும் இதன்மேல்தான்.

இதன் கனம் எவ்வளவு? பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்கு போட்டால், அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். சாதாரணத் தலைமுடியின் கனம்கூட இந்தப் பூச்சுக்கு இல்லை!

பளபளப்பு வரும் வழி

காற்றில்லாத நேரத்தில் குளத்தில் முகம் பார்க்கலாம். சிற்றலை எழுந்தால் முகம் கலைந்துவிடும். காரும் அப்படித்தான். மேலே நுண்ணிய கீறல்கள் விழுந்தால் ஒளி சிதறுகிறது. கார் மங்கித் தெரிகிறது.

கீறலை எப்படிப் போக்குகிறார்கள்? கீறலின் அடிமட்டம் வரை சுற்றிலும் உள்ள பூச்சைத் தேய்த்துச் சமமாக்குகிறார்கள். பள்ளத்தை நிரப்புவதில்லை, மேட்டை வெட்டுகிறார்கள்.

இதற்கு "வாட்டர் பேப்பர்" என்ற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார்கள். 1500, 2000, 3000 என்று தாளுக்கு எண் உண்டு. எண் கூடக்கூடத் தாள் நைசாகும். முந்தின தாள் போட்ட கோட்டை அடுத்த தாள் எடுக்கும். பிறகு காம்பவுண்டு, அதன்பின் பாலிஷ். ஒவ்வொரு படியிலும் பூச்சு குறைகிறது. கதவின் விளிம்பிலும் பானட்டின் மடிப்பிலும் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். அங்கே கைப்பழக்கம் உள்ளவர்கள் டேப் ஒட்டிக் காப்பார்கள்.

துணி சொல்லாத கணக்கு

பழைய நாளில் நிறத்தின்மேல் தனிப் பூச்சு இல்லாத கார்கள் ஓடின. நீலக் காரைத் தேய்த்தால் துணியில் நீலம் ஒட்டும். என்ன போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. கையும் தானாக நின்றது.

1980-களில் கிளியர் கோட் உலகில் பரவலாயிற்று. இதைத் தேய்த்தால் பால் போன்ற வெள்ளை நீர்தான் வரும். துணியில் நிறம் இல்லை. "ஒன்றும் போகவில்லை" என்று நாம் நம்பிவிடுகிறோம். இதுதான் ஆபத்து!

கிளியர் கோட் உள்ள காரில் துணியில் நிறம் தெரிந்தால், அந்த இடத்தில் காவல் பூச்சு தீர்ந்தது என்று பொருள். பிறகு எந்தப் பாலிஷும் உதவாது. மறுபடி பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும். தீராமல் மெலிந்து நின்றாலும் தொல்லைதான். வெயிலில் வெளுத்து, தோல் உரிவது போல உரியத் தொடங்கும்.

நாம் செய்ய வேண்டியது

கீறல்மேல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் கீறல் ஆழம். அதைத் தேய்த்தே போக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

பூச்சின் கனத்தை அளக்க ஒரு சிறு கருவி இருக்கிறது. தேய்க்குமுன் அளக்கச் சொல்லுங்கள். பழைய கார் வாங்கும்போதும் அளந்து பாருங்கள். மின்னும் காரெல்லாம் நல்ல கார் அல்ல. பல முறை தேய்த்த காரும் மின்னும்!

ஓரிடத்தில் கீறல் என்றால் அந்த இடத்தை மட்டும் சரி செய்தால் போதும். மெழுகுப் பூச்சு வேறு, தேய்க்கும் பாலிஷ் வேறு. எதைப் போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். புழுதியே உப்புத்தாள் ஆகிவிடும். நிழலில் நிறுத்தி, நிறையத் தண்ணீர் விட்டு, பிறகு மெத்தென்ற துணியால் கழுவுங்கள். கீறல் விழாத காருக்குப் பாலிஷ் எதற்கு?

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. "சீக்கிரம் முடி, இன்னும் மின்ன வேண்டும்" என்று அவசரப்படுத்துகிறவர்கள் நாம்தான். "ஐயா, இதற்குமேல் தேய்க்கக் கூடாது" என்று ஒரு தொழிலாளி சொன்னால், அவரைக் கைதேர்ந்தவர் என்று கொள்ளுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள். அவர் தேய்க்காமல் விட்டதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கூலி.

உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய கார் அது. ஒரு நாள் மினுக்குக்காகப் பல ஆண்டுக் காவலை இழக்கலாமா?