ஐஸ் ஓகர்: முதல் துளை மீனுக்கில்லை

ஸ்காபரோவில் இருக்கிற எங்கட அண்ணன்மாருக்கு இப்ப ஒரு விருப்பம் தொற்றியிருக்கு. விண்டரில் உறைஞ்ச ஏரிக்கு மேல கதிரை போட்டு இருந்து மீன் பிடிக்கிறது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் முதலில் படம் வரும், பிறகு கேள்வி வரும்: "எலெக்ட்ரிக் ஓகர் ஒண்டு வாங்கப் போறன், எது நல்லது?" உடனே ஆளாளுக்கு இணைப்புகளைப் போடுவினம். 10 அங்குல அலகு, 40 வோல்ற் பற்றரி, ஒரு சேர்ஜில் நூறு துளை. எல்லாருடைய பதிலும் ஒரு இடத்திலதான் போய் நிற்கும்: பலம் கூடினதை வாங்கு.

இந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை.

ஓகர் என்றால் திருகு மாதிரி முறுக்கிய நீளமான துளைகருவி. அடியில் அலகு இருக்கும். அது சுழன்று ஐஸை வெட்ட, வெட்டின தூள் முறுக்கு வழியாக மேலே வரும். முன்பு கையால் சுற்றினார்கள், பிறகு பெற்றோல் எஞ்சின் வந்தது. இப்போது பற்றரியின் காலம். பற்றரி மெஷினில் புகை இல்லை, சத்தம் குறைவு, குளிரில் கயிறு இழுத்து இழுத்து எஞ்சினை எழுப்பத் தேவையில்லை. மூடிய கூடாரத்துக்குள் துளை போட்டாலும் கார்பன் மொனொக்சைட் பயம் இல்லை. ஆகவே எலெக்ட்ரிக்கா பெற்றோலா என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. எந்த எலெக்ட்ரிக் என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

ரொறன்ரோவில் இருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் சிம்கோ ஏரி. பரப்பு 700 சதுர கிலோமீற்றருக்கும் மேல், அதாவது யாழ்ப்பாண மாவட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவு. இவ்வளவு பெரிய ஏரி எல்லா இடமும் ஒரே தடிப்பில் உறையாது. அடியில் நீரோட்டம் இருக்கிற இடம், ஆறு வந்து விழுகிற இடம், காற்று இழுத்து வெடிப்பு விட்ட இடம் எல்லாம் வேற வேற. மேலே பனி மூடிக்கிடந்தால் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. குளிர்காலங்கள் சுருங்கி வருகிற இந்தக் காலத்தில், "போன வருஷம் இதே கிழமை நடந்து போனனாங்கள்" என்பதும் ஒரு சாட்சியல்ல.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில இயற்கை வளத் திணைக்களம் சொல்கிற கணக்கு இது: நடந்து போக, தெளிவான புது ஐஸ் குறைந்தது 4 அங்குலம் வேண்டும். வெள்ளையாக, பனி கலந்து உறைந்த ஐஸ் என்றால் அதன் இரட்டிப்பு. கிட்டத்தட்ட 150 அடிக்கு ஒரு தடவை அளந்து பார்க்கவும் சொல்கிறார்கள். ஒரு கிலோமீற்றர் உள்ளே போகிறவர், அந்தக் கணக்குப்படி 22 தடவை அளக்கவேண்டும். கையில் இரும்பு அலவாங்கு இருந்தால் குத்திக் குத்திப் போகலாம், அது கட்டாயம் இருக்கவும் வேண்டும். ஆனால் எத்தனை அங்குலம் என்று சரியாகச் சொல்வது துளைதான்.

எனவே ஓகரின் முதல் வேலை மீன் பிடிக்க உதவுவதல்ல, ஆளைக் கரைக்குத் திரும்பக் கொண்டுவருவது. ஒவ்வொரு 150 அடிக்கும் அலுப்பில்லாமல் கையில் எடுக்கக்கூடிய மெஷின் எதுவோ அதுதான் நல்ல மெஷின்.

இப்படிப் பார்த்தால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறதெல்லாம் சின்னதாகிவிடும், பாரம்தான் முதலில் வந்து நிற்கும். 8 அங்குல எலெக்ட்ரிக் ஓகர் சுமார் 10 கிலோ. வீட்டில் இருக்கிற நல்ல ட்ரில்லில் பூட்டுகிற 6 அங்குல ஓகர், ட்ரில்லோடு சேர்த்தே 5 கிலோவுக்குக் கிட்டத்தான் வரும். பாரமானது சறுக்கு வண்டியிலேயே கிடக்கும். "இடத்துக்குப் போய் எடுப்பம்" என்று விடுவோம். அந்த இடத்துக்குப் போகிற வழியில்தான் ஆபத்து இருக்கு.

அடுத்தது அகலம். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று ஓ/எல் கணிதத்தில் படித்தோம். 6 அங்குலத்தைவிட 8 அங்குலத் துளைக்கு ஏறத்தாழ 1.8 மடங்கு ஐஸை வெட்டவேண்டும், 10 அங்குலத்துக்கு 2.8 மடங்கு. பற்றரியும் அந்தளவுக்குத்தான் தீரும். பேர்ச் மாதிரிச் சின்ன மீனுக்கு 6 அங்குலம் தாராளம். வழியில் அளக்கப் போட்ட துளைக்குள் பின்னால் வருகிறவரின் கால் போகாமல் இருக்கவும் சின்னத் துளைதான் நல்லது.

பற்றரியைப் பற்றி இரண்டு விசயம். "நூறு துளை" என்றால் எத்தனை அங்குல ஐஸில் என்று கேளுங்கோ. லித்தியம் பற்றரி குளிரில் சோர்ந்துபோகும், பாவிக்காத நேரம் ஜக்கெற்றுக்குள் வைத்திருங்கோ. பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த பற்றரியைச் சேர்ஜில் போட்டால் அது உள்ளுக்குள் பழுதாகும்.

மறுபக்கமும் இருக்கு, அதை மறைக்கக்கூடாது. சிம்கோவில் லேக் ட்ரவுட்டுக்குப் போகிறவருக்கு 8 அங்குலம் வேண்டும், பெரிய மீன் சின்னத் துளையால் ஏறாது. வின்னிபெக் ஏரி மாதிரி ஐஸ் மூன்று அடியைத் தொடக்கூடிய இடத்தில் ட்ரில் திணறும், அங்கே பெரிய மெஷினுக்கு நியாயம் உண்டு. ட்ரில்லில் பூட்டுகிறவர் பக்கக் கைப்பிடி இல்லாமல் தொடக்கூடாது, அலகு இறுகினால் மணிக்கட்டைத் திருகிவிடும். கழன்ற ஓகர் துளையால் ஏரிக்குள் போகாமல் தடுக்க ஒரு தட்டும் வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் இருந்து நாலு பேர் வானில் ஏறிப் போகிற பேர்ச் மீன்பிடிக்கு இவ்வளவு பெரிய மெஷின் எதற்கு?

புதிதாக ஒரு நாட்டுக்குப் போன ஆட்களுக்குப் பெரிசாக வாங்குவதில் ஒரு நிம்மதி இருக்கும். அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு எந்த முனையில் ஐஸ் மெல்லிசு என்று அப்பா சொல்லிக் கொடுத்திருப்பார். எங்கட ஆட்களுக்கு அதைச் சொல்லித்தர அங்கே ஒருவரும் இல்லை. அந்தக் குறையைக் காசு கூடின மெஷினால் நிரப்பப் பார்க்கிறோம். நிரப்பேலாது. 22 துளை போட்டு நாங்களே படிக்கவேண்டியதுதான்.

ஆகவே அண்ணாமாரே, லேசானதை வாங்குங்கோ. மிஞ்சுகிற காசில் மிதவை உடுப்பும், கழுத்தில் மாட்டுகிற ஐஸ் ஊசிச் சோடியும் வாங்குங்கோ. கரையில் இருந்தே துளைக்கத் தொடங்குங்கோ. 4 அங்குலத்துக்குக் குறைந்தால், மெஷின் எவ்வளவு விலையாக இருந்தாலும், வந்த வழியால திரும்பி நடவுங்கோ.