கிடார் வாசித்தது யாரு சார்?

'இளைய நிலா' பாட்டு தெரியாத தமிழர் உண்டா? பாடியது எஸ்.பி.பி., எழுதியது வைரமுத்து, இசை இளையராஜா, நடித்தது மோகன். வானூர், மரக்காணம் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்தில் கேட்டாலும், சாம்பார் ஊற்றுகிறவர்கூட ஒப்பித்துவிடுவார். அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்துகிற கிடாரை வாசித்தது யாரு சார்? முழிப்பார்கள். ஆர்.சந்திரசேகர். படம் வந்தது 1982-ல். நாற்பது வருஷம் தாண்டியும் பேர் போய்ச் சேரவில்லை. நம் வீட்டு உப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரியும். வாரியவர் யார் என்று கேட்டிருக்கிறோமா? அந்தக் கதைதான்.

சரி, சினிமாவில் பின்னணி வாத்தியம் என்றால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லலாம். தனியாகவே உலகம் சுற்றிய கிடார் கலைஞர் பிரசன்னாவைத் தெரியுமா? "யாரு, சிநேகா வீட்டுக்காரரா?" அவர் இல்லீங்க.

இவர் ராணிப்பேட்டைக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு. அதை விட்டுவிட்டு அமெரிக்காவில் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். எலெக்ட்ரிக் கிடாரில் தியாகராஜர் கீர்த்தனையைக் கமகத்தோடு வாசிப்பார். ராக் உலகின் சாமியான ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968-ல் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' என்று ஆல்பம் போட்டார். அவருக்கு அஞ்சலியாக 2006-ல் பிரசன்னா போட்டது 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்'.

2009 பிப்ரவரியில் ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கினார். பட்டாசு வெடித்தோம். நியாயம். அதே இரவு, சிறந்த குறும் ஆவணப்படத்துக்கான விருது வாங்கிய 'ஸ்மைல் பிங்கி'க்கு இசையமைத்தது இந்தப் பிரசன்னாதான். அதற்கு ஓர் ஊசிவெடிகூட வெடித்த ஞாபகம் இல்லை.

2010-ல் மரக்காணத்துக்கு வடக்கே, அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், செய்யூர் பக்கம் ஸ்வர்ணபூமி இசை அகாடமி தொடங்கியபோது அதன் தலைவர் அவர். வானூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். வானூர் பையன்கள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

"பேர் வந்தா என்ன, வராட்டி என்ன? சம்பளம் குடுத்தாச்சுல்ல?" என்று சினிமாக்காரர்கள் கேட்கலாம். பி.காம். படித்தவன் சொல்கிறேன்: பேரேட்டில் பேர் இல்லாதவனுக்குப் பாக்கியும் கிடையாது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் ராயல்டி உரிமை என்றார்கள். கூடவே ஒரு கொக்கி வைத்தார்கள். சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானது, சில்லறையானது, டைட்டிலில் அவர் பேரைப் போடுவது தொழில் வழக்கத்திலும் இல்லை என்றால், ராயல்டி விஷயத்தில் அவர் கலைஞராகவே கருதப்படமாட்டார். கிடார் வாசித்தது சில்லறை வேலை என்று வாதாட ஒரு வக்கீலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பேர் போடாமல் இருப்பவர்களும் அவர்களே, பேர் போடும் வழக்கம் இல்லை என்று சொல்லப்போகிறவர்களும் அவர்களே. பேஷ்!

"நாற்பது வயலின்காரர் பேரையும் போட முடியுமா?" என்று ஒரு கேள்வி வரும். ஏன் முடியாது? நன்றி கார்டில் ஊர்ப் பெரிய மனிதர்களையெல்லாம் வரிசையாகப் போட முடிகிறதே! ரஹ்மான் தன் ஆல்பம் உறைகளில் வாத்தியக்காரர்களின் பேர்களை அச்சடித்தார். அதனால் எந்தக் கம்பெனியும் திவாலாகவில்லை. இன்றைக்குப் பாட்டு செல்போனில் ஓடுகிறது. அங்கே இடப் பஞ்சமும் இல்லை.

தயாரிப்பாளர்களே, ஆடியோ கம்பெனிக்காரர்களே, ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே 'கிடார்: இன்னார்' என்று ஒரு வரி சேருங்கள். உங்களுக்குக் காலணா செலவில்லை. அந்தப் பேரைப் பார்த்துவிட்டு வானூரில் ஒரு பையன் கிடார் வேண்டும் என்று அடம்பிடித்தால், செலவு அவன் அப்பாவுக்குத்தான்.