ஆறாவது நகர்வு

என் அம்மா ‘போ’ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ரிங்லெட் ஊரில் உள்ள வீட்டில் இரண்டு ஆண்டுகளாக நான் சதுரங்கம் ஆடும் கணினி நிரல் எழுதுகிறேன். அதற்கு விதிகளைச் சொல்லிக்கொடுப்பது எளிது, ஒரு வாரம் போதும். ஐந்து நகர்வு ஆழத்தில் நின்றுவிடும் என் நிரல், கடைசியில் ராணியால் சிப்பாயை வெட்டிவிட்டு ஆதாயம் என்கிறது. ஆறாவது நகர்வில் ராணியே பறிபோவது அதற்குத் தெரியாது. காலைப் பனியில் சில வரிசைக்கு அப்பால் தேயிலைச் செடி மறைந்துவிடுமே, அப்படித்தான். வெட்டுகள் ஓயும்வரை தேடலை நீட்டினால் நேரம் போதவில்லை. 1997இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ கணினியோ, நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது!

இப்படி எழுதிப் பார்த்ததால் சொல்கிறேன்: தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் ஆடக் கற்றுத்தந்தால் மட்டும் போதாது. ஆடும் நிரலை எழுதவும் தமிழ்ப்பள்ளிகள் சொல்லித்தர வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலின் மூல வரிகள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. பழைய கணினி ஒன்றும் சனிக்கிழமைக் காலைகளும் இருந்தால் தொடங்கலாம்.