தானமாக வந்த தோல், சந்தையில் சரக்கு!

அமெரிக்காவில் ஒருவர் இறந்து போகிறார். அவர் குடும்பத்தார் கண்ணீரோடு அவருடைய தோலைத் தானம் செய்கிறார்கள். காசு வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. மனித உறுப்பை, தோலையும் சேர்த்து, விற்பது குற்றம் என்று 1984-ல் அங்கே சட்டம் செய்தார்கள். நல்ல சட்டம்தான்!

அந்தத் தோல் எங்கே போகிறது? கம்பெனிக்கு. அங்கே அதிலுள்ள உயிரணுக்களைக் கழுவி நீக்குகிறார்கள். நார்வலை மட்டும் மிஞ்சுகிறது. அதை நோயாளியின் உடலில் வைத்துத் தைத்தால், பந்தலில் அவரைக்கொடி படர்வதுபோல் அவருடைய சொந்த அணுக்களும் ரத்தக் குழாய்களும் அதில் படர்கின்றன. தீக்காயம் பட்டவர்களுக்கும், புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்களுக்கும் இது பேருதவி. இந்த விஞ்ஞானத்தை நாம் வாழ்த்துகிறோம்.

நாம் கேள்வி கேட்பது வியாபாரியை! பதப்படுத்துவதற்கு 'நியாயமான' கட்டணம் வாங்கலாம் என்று அதே சட்டம் ஒரு சந்து விட்டது. அதன் வழியே நுழைந்தது என்ன? 'அல்லோடெர்ம்' என்ற பெயரில் இந்தத் தோலைத் தயாரித்த லைஃப்செல் கம்பெனி 2008-ல் சுமார் 170 கோடி டாலருக்குக் கைமாறியது. 2017-ல் அலர்கன் கம்பெனி அதை 290 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

உழைத்தவனுக்குக் கூலி கொடுக்கட்டும். சுத்தம் செய்யும் செலவையும் எடுத்துக் கொள்ளட்டும். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால், கொடுத்தவன் வீட்டுக்கு ஒன்றுமில்லை, பங்குக்காரன் பெட்டிக்குக் கோடி கோடி என்றால், அது கட்டணமா, கொள்ளையா?

தானமாக வந்தது தானமாகவே நோயாளியிடம் சேர வேண்டும். தோல் வங்கியும் அதைப் பதப்படுத்தும் சாலையும் பொதுச் சொத்தாக வேண்டும்!