பின்வரிசையிலிருந்து ஒரு ட்ராம்போன்

ஆர்கெஸ்ட்ராவிலேயே பாவப்பட்ட ஜீவன் யார் என்று கேட்டால் ட்ராம்போன்காரரைத்தான் கை காட்டுவேன். பிராம்ஸின் முதல் சிம்ஃபொனியையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நாலு பகுதி. முதல் மூன்றிலும் அவருக்கு ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது. வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, உதடெல்லாம் ஆறிப்போன பிறகு, கடைசிப் பகுதியில் மெல்லிசாக, பிசிறில்லாமல் ஊத வேண்டும். கொடுமை இல்லையா?

அதனால்தான் அலெக்ஸாண்டர் அருத்யூன்யான் மேல் எனக்குத் தனி மரியாதை. யெரெவானில் 1920-ல் பிறந்து 2012-ல் மறைந்த ஆர்மீனிய இசையமைப்பாளர். 1950-ல் வந்த அவருடைய ட்ரம்பெட் கான்செர்ட்டோ, ட்ரம்பெட் படிக்கிற மாணவர்கள் பல நாடுகளில் ஊதித் தள்ளுகிற உருப்படி. சுமார் நாற்பது வருடம் கழித்து, எழுபது வயதை எட்டிய பிறகு, 1991-ல் ட்ராம்போனுக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதினார். ஆர்மீனியா சோவியத்திலிருந்து பிரிந்துபோக வாக்களித்த அதே வருடம். 1992-ல் ட்யூபாவுக்கும் ஒன்று. பின்வரிசை ஆட்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார் மனுஷர்!

ஆனால் ட்ரம்பெட் கான்செர்ட்டோவுக்குக் கிடைத்த பேர் ட்ராம்போனுக்கு எழுதியதற்குக் கிடைக்கவில்லை. ட்ரம்பெட்டுக்கு டோக்ஷிட்சர் என்ற மகா கலைஞர் வாய்த்தார். அதைப் பதிவு செய்தார், அதற்குத் தனி கெடென்ஸாவே எழுதினார். அது மட்டும் காரணமில்லை. ட்ரம்பெட் குரல் மற்ற வாத்தியங்களுக்கு மேலே தெளிவாக மிதக்கும். ட்ராம்போனோ செல்லோ, ஹார்ன் எல்லாம் புழங்குகிற அதே இடத்தில் பாடுகிறது. சுற்றியிருப்பவர்கள் கொஞ்சம் கனமாக வாசித்தாலும் உள்ளே அமுங்கிவிடும். அமுங்காமலிருக்க உரக்க ஊதினால் 'பார், சத்தம் போடுகிற வாத்தியம்' என்பார்கள்.

உண்மையில் மனிதக் குரலுக்கு ரொம்ப நெருக்கமானது ட்ராம்போன் என்பது என் கட்சி. ட்ரம்பெட் மாதிரி பொத்தான்கள் இல்லை. குழாயை இழுத்துத் தள்ளி, காதை நம்பித்தான் ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் வழுக்கவும் முடியும். அந்த வழுக்கலைக் கோமாளித்தனத்துக்கு மட்டுமே பயன்படுத்தி வாத்தியத்தின் பேரையே கெடுத்துவிட்டார்கள். டுடுக் மாதிரி இழைந்து அழுகிற குழல் பிறந்த நாட்டிலிருந்து இதற்கு ஒரு கான்செர்ட்டோ வந்தது பொருத்தம்தான்.

எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் வேறு. கல்லூரிகளில் இம்மாதிரி கான்செர்ட்டோக்களைப் பியானோவை வைத்தே ஒப்பேற்றிவிடுகிறார்கள். பியானோ தட்டியவுடன் தேய ஆரம்பிக்கும். ட்ராம்போன் நின்று நீளும். வயலின்கள் கூடவே நீண்டால்தானே அந்த ஸ்வரத்துக்கு அர்த்தம்?

ட்ராம்போன் கான்செர்ட்டோ போட்டால் டிக்கெட் விற்காது என்பார்கள். ஸ்வீடனின் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் இந்த ஒரே வாத்தியத்தைத் தனியாக வாசித்தே உலகம் சுற்றியிருக்கிறார். வெளியாள்கூட வேண்டாம், தங்கள் ட்ராம்போன்காரரையே எழுப்பி நிறுத்தட்டும். முதல் பாதியில் அருத்யூன்யான், இடைவேளைக்குப் பிறகு பிராம்ஸ். அன்றைக்கு மூன்று பகுதி சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு அவ்வளவாக உறுத்தாது.