வத்திராயிருப்பில் மீனுக்கு எதற்கய்யா 300 வாட் ஹீட்டர்?

மார்கழி பிறந்தால் போதும், மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் ஹீட்டர் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. நம்முடையது மலையடிவார ஊர். விடியற்காலையில் பிளவக்கல் பக்கமிருந்து காற்று சில்லென்று வரும். மனுஷன் போர்வையைத் தேடுகிறான். மீனுக்கும் குளிருமே என்று கடைக்கு ஓடுகிறான். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது 300 வாட். "பெருசா வாங்குங்க ஸார், சீக்கிரம் சூடாகும். நாளைக்குப் பெரிய தொட்டி வச்சாலும் இதே ஆகும்."

இதைவிடப் பொறுப்பில்லாத யோசனை கிடையாது என்பது என் கட்சி. பல வருஷம் இயற்பியல் நடத்தியவன், கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் கல், மணல் போகச் சுமார் 45 லிட்டர் நிற்கும். 300 வாட் ஹீட்டர் அதைப் பத்தரை நிமிஷத்தில் ஒரு டிகிரி ஏற்றிவிடும். 50 வாட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். "பார்த்தீர்களா, பெரியதுதானே நல்லது?" என்பீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கொண்டு அணையாமல் நின்றால்? மலிவான ஹீட்டரில் இது அதிசயமே இல்லை. 26 டிகிரியில் இருந்த தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்குள் 36. நீங்கள் எழுந்து பார்க்கும்போது மீன் குழம்புதான். அதே கோளாறு 50 வாட்டில் வந்தால், கண்ணாடி வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் சூடு வெளியேறி, சில டிகிரி ஏறியதும் தண்ணீர் நின்றுவிடும். நமக்குச் சுதாரிக்க நேரம் கிடைக்கும்.

லிட்டருக்கு ஒரு வாட் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே என்று கேட்கலாம். அது குளிர்நாட்டு அறைக்கான கணக்கு. கொடைக்கானல்காரர் அப்படி வாங்கட்டும், நான் மறுக்கவில்லை. நமக்கு அதில் பாதியே தாராளம்.

அதுவும் எல்லா மீனுக்கும் அல்ல. கோல்டு ஃபிஷ் கெண்டை வம்சம், குளிர்ந்த தண்ணீர்தான் அதற்குச் சுகம். அதற்கு ஹீட்டர் விற்பவரை என்ன சொல்வது! கொசுவை ஒழிக்கச் சிமெண்டுத் தொட்டிகளில் விடுகிறார்களே கப்பி, அதற்கு யார் ஹீட்டர் போட்டார்கள்? அமேசானிலிருந்து வந்த டிஸ்கஸ் வேறு கதை. 28 முதல் 30 டிகிரி இல்லாவிட்டால் சோர்ந்துவிடும். அதை வளர்ப்பவர் அவசியம் வாங்கவேண்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. ஆகவே ஹீட்டர் ஓடும்போது காற்று மோட்டாரை நிறுத்தாதீர்கள்.

முதலில் வாங்கவேண்டியது தெர்மாமீட்டர். ஹீட்டர் தலையில் உள்ள எண்ணை நம்பவேண்டாம். ஒரு வாரம் விடியற்காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் பார்த்து எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும் ஹீட்டரைப் பற்றி யோசியுங்கள். பகலில் ஏறி இரவில் சரிந்துகொண்டே இருந்தால் மீன் தளர்ந்துபோகும், வெள்ளைப்புள்ளி நோயும் எளிதில் பிடிக்கும். ஜன்னலோரத் தொட்டியை உள்சுவர் பக்கம் நகர்த்தி மூடி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும், அதற்குக் காசும் இல்லை.

மீனைவிட எனக்குக் கவலை பிள்ளைகள்தான். என்னிடம் படித்த ஒருவர் வீட்டில், தண்ணீர் மாற்றும்போது ஓடிக்கொண்டிருந்த ஹீட்டர் வெளியே தெரிந்து, சூடேறி, தண்ணீர் பட்டதும் விரிசல் விட்டது. கவனிக்காமல் பையன் கையை விட, சுரீரென்று அடித்திருக்கிறது. நல்லவேளை, பிழைத்தான். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி தமிழில் இல்லை. விற்றவரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஹீட்டர் போடாதீர்கள். தொட்டியில் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, பதினைந்து நிமிஷம் ஆறவிடுங்கள். வயர் பிளக் பாயிண்டை விடத் தாழ்ந்து தொங்கி மேலே ஏறட்டும், வழியும் சொட்டு கீழேயே விழுந்துவிடும்.

மாசி கடந்ததும் ஹீட்டரைக் கழற்றி, துடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டுவிடுங்கள். சித்திரையில் தொட்டிக்குத் தேவை ஃபேன்.