அவசரத்தில் ஆள் எடுக்கலாமா?

என் தங்கை மகள் புதுச்சேரியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு நடத்தைப் பயிற்சி தரும் சிறிய மையம் நடத்துகிறாள். போன வருஷம் ஒரு பயிற்சியாளர் திடீரென்று நின்றுவிட, பெற்றோர் நச்சரிப்பு தாங்காமல் முதலில் வந்த பெண்ணையே எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண் இரண்டே மாதத்தில் போய்விட்டது. அதனிடம் பழகி, "தண்ணி" என்று வாய்விட்டுக் கேட்க ஆரம்பித்திருந்த பையன் மறுபடி தரையில் புரண்டு அழுதான். எங்கள் ஆபீசில் தப்பான ஆள் வந்தால் ஃபைல்தான் தூங்கும். இங்கே அப்படி இல்லை.

இந்த முறை, "மாமா, நீங்களும் வந்து உட்காருங்க" என்றாள். குமாஸ்தா புத்தி, நான் முதலில் கேட்டது பதிவு எண். இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் 1992-இன்படி, சிறப்பு ஆசிரியர், மருத்துவ உளவியலாளர் போன்றோர் பதிவில்லாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. பல பெற்றோருக்கே இது தெரியாது.

காகிதம் சரியாக இருந்த இருவரை ஆளுக்கு அரை மணி ஒரு பிள்ளையோடு விட்டோம். ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். மற்றவள் பேசாமல் தரையில் உட்கார்ந்தாள். கடைசியில் பிள்ளையே பொம்மைக் காரை அவள் பக்கம் தள்ளியது. அனுபவம் குறைவுதான், ஆனாலும் என் ஓட்டு அவளுக்கே. முதல் மூன்று மாதம் மூத்த பயிற்சியாளர் கூடவே இருப்பதாக ஏற்பாடு.

சம்பளத்தை ஆயிரம் ஏற்றிக் கொடு, இவளாவது நிற்பாள் என்றேன். யோசிக்கிறாளாம்.